கதை பிறந்த விதம்

"எல்லாரும் ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்" என்றார் பதிப்பாளர்.

முப்பது பேர் எழுந்தார்கள். மடக்கு நாற்காலிகள் கிரீச்சிட்டன.

முதல் பரிசு வாங்கவந்த நான்தான் கடைசியாக எழுந்தேன். மௌன அஞ்சலி என் அப்பாவுக்கு.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் இருந்தது அந்தப் பதிப்பகம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். அவர் பிழை திருத்துவார், அந்த அம்மா பார்சல் கட்டுவார். வருஷத்துக்கு ஒரு சிறுகதைப் போட்டி. தேர்வான கதைகளைச் சேர்த்து ஒல்லியாக ஒரு தொகுப்பு.

நான்கு வருஷம் அனுப்பினேன். நான்கு வருஷமும் பதிப்பாளர் கைப்பட எழுதிய மறுப்புக் கடிதம் வந்தது. கடைசியாக வந்ததில் ஒரு வரி: "நன்றாக எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் கதையில் நீங்கள் இல்லை."

ஐந்தாவது வருஷம் அப்பாவை எழுதினேன்.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்தவர். ஏறி இறங்கியவர்கள் மாடி எண்ணைச் சொல்வார்கள், முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கதை முடிவில் அவர் இறந்துபோவார்.

கதையோடு அனுப்பவேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. கதை பிறந்த விதம், இரண்டு வரிகளுக்குள்.

"என் அப்பா போன மாதம் காலமானார். இது அவருடைய கதை" என்று எழுதினேன்.

எழுதி முடிக்கும்போது பக்கத்து அறையில் அப்பா தும்மினார். எழுதியதை நான் அடிக்கவில்லை. அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

அந்த இரண்டு வரிகளைத்தான் பதிப்பாளர் இப்போது மைக்கில் வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் மனைவி கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

எல்லாரும் தலை குனிந்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. நிமிர்ந்தேன்.

கடைசி வரிசையில், கதவோரமாக, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

கையைக் கட்டியிருந்தார். தலை குனிந்திருந்தது, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

ஆபீஸில் மீட்டிங் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். சான்றிதழை நீட்டினார்கள், வாங்கினேன். கைதட்டல். அப்பாவும் தட்டினார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. மைக்கைப் பிடித்தேன்.

"நன்றி" என்று மட்டும் வந்தது.

அழுகை தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்துவந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை உதறவேண்டும்போல இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பதிப்பாளர் நேராக அப்பாவிடம் போனார். நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

"ஐயா, நீங்க அவங்களுக்குச் சொந்தமா? முகஜாடை அப்படியே இருக்கே!"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் அவளோட பெரியப்பா, சார்."

பதிப்பாளர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தம்பியைப் பறிகொடுத்துட்டு நிக்கறீங்க. என்ன சொல்றதுன்னே தெரியல. ஆனா, கொடுத்து வச்சவர் சார் அவர். இப்படி எழுத ஒரு பொண்ணு."

"ஆமா சார், கொடுத்து வச்சவன்தான்" என்றார் அப்பா. குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

பதிப்பாளர் தொகுப்பில் ஒரு பிரதி எடுத்து, 'பெரியப்பாவுக்கு, அன்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று நிறுத்தம் தாண்டியதும் அவர்தான் ஆரம்பித்தார்.

"போன வாரம் நீ குளிச்சிட்டிருந்தப்ப ஃபோன் வந்துச்சு. இந்த சார்தான். பரிசு விஷயம், விழா எங்கே, எப்பன்னு எல்லாம் சொன்னார், உனக்குக் கடிதமும் போட்டிருக்காராம். அப்பா போனதுக்கு வருத்தமும் சொன்னார். நானும் சரிங்க சார்னு கேட்டுக்கிட்டேன்."

"அப்பா..."

"நீ வரச் சொல்லமாட்டேன்னு தெரியும். ஆனா, நீ பரிசு வாங்கறதைப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான் ஓரமா நின்னேன்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குனிந்து கேட்டார்.

"கதையில நான் எப்படிம்மா போறேன்? ரொம்பக் கஷ்டப்பட்டா?"

"இல்லப்பா. தூக்கத்துலயே."

கதையில் அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில், மகளைக் கூப்பிட்டுக்கொண்டே சாகிறார். ஏழு தடவை ஃபோன் அடிக்கிறது. மகள் எடுப்பதில்லை. நடுவர்கள் மூன்று பேரும் மெச்சிய இடம் அது.

"நல்லவேளை" என்றார் அப்பா.

பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்தார். முதல் கதையே என்னுடையதுதான்.