உண்மை உதாரணம்

"சார், ரெட்டிசென்ட்னா நவுனா, அட்ஜெக்டிவா?"

டியூஷன் சென்டர் வகுப்புக்குள் ஆங்கில வாத்தியார் கால் வைத்ததுமே கேள்வி வந்து விழுந்தது. கேட்டவள் முதல் பெஞ்ச் வாயாடி. பெயர் கூப்பிட்டால்கூட 'பிரசென்ட்' என்பதோடு நிறுத்தத் தெரியாதவள்.

"அட்ஜெக்டிவ். மனசுல இருக்கறதை வெளியில சொல்லாம, வாயை மூடிக்கிட்டு இருக்கற ஆளைச் சொல்றது. உனக்குச் சம்பந்தமே இல்லாத வார்த்தை. உக்காரு, இன்னிக்கு டெஸ்ட்."

"உதாரணம் சார்? உண்மை உதாரணம்!"

வாத்தியார் பெருமூச்சு விட்டார். அவரே வெட்டிக்கொண்ட குழி அது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் "மை ஃப்ரெண்ட் இஸ்" என்று ஆரம்பித்துப் பிள்ளைகள் ஒப்பேற்றிக்கொண்டிருந்ததால், அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். உதாரண வாக்கியம் சொல்பவரின் சொந்த வாழ்க்கையில் நடந்ததாக இருக்க வேண்டும். புளுகு என்று பிடிபட்டால் வகுப்புக்கே ஐஸ்கிரீம். 'இந்தச் சட்டம் எனக்கும் பொருந்தும்' என்று அன்றைக்கு உற்சாகத்தில் சேர்த்துச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

அவர் கண் தானாகப் பக்கத்துச் சுவருக்குப் போனது. சுவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. வெறும் ப்ளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் கணக்கு டீச்சரின் வகுப்பு. "ஸ்டெப் எங்க? ஸ்டெப் போடாம விடை மட்டும் எப்படி வந்துச்சு?" என்று தினமும் அங்கிருந்து ஓர் அதட்டல் கேட்கும். இரண்டு வருஷமாக அதைக் கேட்டால்தான் வாத்தியாருக்குப் பாடமே ஓடும்.

அந்தக் கணக்கு டீச்சர் திங்கட்கிழமை முதல் ஊரின் மறுகோடியில் உள்ள கிளைக்கு மாறுகிறார். இன்றுதான் இங்கே கடைசி வகுப்பு. எப்படியாவது சொல்லிவிடுவது என்று வாத்தியார் புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. வகுப்பே வைக்காமல், சொல்லிக்கொள்ளாமல், கிளம்பிவிட்டார் போலிருக்கிறது.

"சரி. ஐ ஆம் ரெட்டிசென்ட். போதுமா?"

"யார்கிட்ட சார்?"

"ஒருத்தங்ககிட்ட."

"ஓ...!" என்று வகுப்பு ராகம் போட்டது.

கடைசி பெஞ்சில் 'கொக்கு' என்று பட்டப்பெயர் வாங்கிய நெட்டையன் எழுந்தான். வளர்த்தியில் பாதியைக்கூடப் படிப்பில் காட்டாதவன். "சார், இர்ரெவக்... இர்ரெவக்கபி..."

"டேய், அது கடைசிடா!" என்று வாயாடி பல்லைக் கடித்தாள்.

கொக்கு தலையைச் சொறிந்தான். "அப்ப ப்ரொக்ராஸ்டினேட் சார். வெர்ப்தானே?"

"வெர்ப்தான். இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்தடிக்கறது. டெஸ்ட்டைத் தள்ளிவிடப் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கீங்களே, அதேதான்."

"அது எங்க உதாரணம் சார். உங்க உதாரணம்?"

"நானும் இழுத்தடிச்சவன்தாண்டா. பரீட்சை முடியட்டும்னு பார்த்தேன். லீவு முடியட்டும்னு பார்த்தேன். ஒருநாள் அவங்களே, 'சார், மார்க்கர் இருக்கா?'ன்னு கேட்டு வந்தாங்க. ரூம்ல ஒரு ஈ காக்கா இல்ல. இன்னிக்குச் சொல்லிடறதுன்னு மூச்சை இழுத்துக்கிட்டு வாயைத் திறந்தேன்."

"திறந்து?"

"நீலமா, கறுப்பான்னு கேட்டுட்டேன்."

பெஞ்சுகள் அதிர்ந்தன. சிரித்த சிரிப்பில் ஒருவனுடைய மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, அதைத் தேடக் குனிந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே கிடந்து சிரித்தார்கள். வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது, அழுகையோடு சேர்த்து.

வாயாடி எழுந்து நின்றாள். நாக்கு சுளுக்கிக்கொள்ளாமல் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "இர்ரெவக்கபிளி. அட்வெர்ப் சார்."

"இனி மாத்தவே முடியாதபடின்னு அர்த்தம். ஏய், இதெல்லாம் உங்க புத்தகத்துலயே கிடையாதே! எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"உதாரணம்! இல்லன்னா ஐஸ்கிரீம்!" என்று மொத்த வகுப்பும் மேசையைத் தட்டியது.

வாத்தியார் தடுப்பைப் பார்த்தார். அந்தப் பக்கம்தான் ஆளே இல்லையே. இனி யாருக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது? இரண்டு வருஷமாகக் கட்டி வைத்திருந்த மடை திறந்துகொண்டது.

"எழுதிக்கோங்க! 'ஸ்டெப் எங்க'ன்னு பக்கத்து ரூம்ல ஒரு குரலைக் கேட்ட நாள்லேர்ந்து, நான் இர்ரெவக்கபிளி அந்தக் கணக்கு டீச்சரைக் காதலிக்கறேன். கல்யாணம்னு பண்ணா அவங்களைத்தான் பண்ணுவேன். அட்வெர்ப் வந்துடுச்சா? அவங்களும் போயிட்டாங்க. எல்லாம் முடிஞ்சுது. இப்ப பேப்பரை எடுங்க!"

யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்ட்டுக்குப் பயந்துதானே இத்தனை கூத்தும்? எந்தத் தறுதலை இந்த வார்த்தையெல்லாம் பொறுக்கிக் குடுத்தது?"

"சார், எங்களுக்கு 'ஹேப்பி'யைத் தாண்டி ஒண்ணும் தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க" என்றான் கொக்கு, வெகு பவ்யமாக.

அப்போது ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். "உஷ்!" என்று நாலைந்து குரல்கள் அடக்கின. அவற்றுக்கு மேலே, அந்தப் பழைய அதட்டல் கேட்டது.

"அந்தத் தறுதலை நான்தான் சார். ஸ்டெப் எல்லாம் சரியா போட்டுட்டீங்க, விடையை மட்டும் இங்க வந்து சொல்லுங்க!"