புட்டு என்றால் உதை

"புட்டு!" என்றுதான் கத்தினேன்.

கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். எதிரணிக்கு விளங்காதிருக்க எங்கள் சாப்பாட்டுப் பெயர்களில் நான் வைத்த சங்கேதம் அது: புட்டு என்றால் பந்தை உதை. சொதி என்றால் உதைப்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு ஓடு. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

நிஷானுக்கு விளங்கவில்லை.

குனிந்து நின்று, கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிவது அவன் வேலை. தூரத்தில் காலைத் தயார்படுத்திக்கொண்டு நின்ற உதைகாரனுக்கு எறியாமல், பக்கத்தில் நின்றவனின் கையில் கொடுத்தான். அவன் இரண்டடி ஓடி விழுந்தான். நிஷானுக்கு மேல் எதிரணியின் தடியன் ஒருவன் விழுந்தான். பந்து அவர்களிடம் போனது. அடுத்த பாய்ச்சலிலேயே புள்ளியும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது நீலக் கூடாரத்துக்குள் இருக்கிறோம். நிஷான், அணியின் டொக்டர், நான். என்னையும் உள்ளே வரச் சொன்னது டொக்டர்தான்.

தலையில் அடிபட்டால் ஆளை இதற்குள் கொண்டுவந்து, துணியை இழுத்து மூடிவிட்டுக் கேள்வி கேட்பார்கள். பதில் பிழைத்தால் அன்றைக்கு அந்த ஆளின் ஆட்டம் முடிந்தது.

நிஷானைக் கட்டிலில் இருக்கச் சொன்னேன். மாட்டானாம். எனக்கு முழங்கால் நோவு. நானே இருந்தேன்.

நாங்கள் குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் சனம், பந்தின் வடிவத்தைப் பார்த்து இந்த விளையாட்டை முட்டைப் பந்து என்பார்கள். அருமைராசாவின் மூத்தவன் டனிஸ்ரன் முட்டைப் பந்துக்குப் பின்னால் போய்க் கெட்டான் என்று கோயில் வாசலில் வைத்தே என்னைப் பற்றிச் சொன்னவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து என்னோடு படம் எடுக்கிறார்கள்.

என்ன வேலை என்று மட்டும் அவர்களுக்கு இன்னும் விளங்காது. பந்தை உதைக்கிற நேரம் மட்டும் இறங்குகிற கூட்டத்துக்கு நான் பயிற்சியாளன். சரியாகச் செய்தால் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். பிழைத்தால் ஊரே என் பெயரைச் சொல்லும்.

திங்கட்கிழமை முதலாளிமார் என்னோடு கதைக்கப் போகிறார்கள். தலைமைப் பயிற்சியாளரின் இடம் காலியாகிறது. அந்த இடத்துக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன்! அதுவும் இன்றைக்குப் பார்த்து இவன் இப்படிச் செய்திருக்கிறான்.

எங்கள் காலத்தில் கூடாரம் ஏது? நான் ஆடியபோது, பந்தை உதைத்ததும் முழு வேகத்தில் ஓடிப்போய் எதிரே வருகிறவனைத் தலையால் மோத வேண்டும். விழுந்தால் மூக்கருகில் காரமாக ஒன்றைப் பிடிப்பார்கள். கண்ணால் தண்ணீர் ஓடும். எழும்பித் திரும்பவும் ஓடுவோம். ஹெல்மெட்தான் வெடித்ததே தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

டொக்டர் பிரெஞ்சில், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் ஆறுதலாகக் கேட்டார். இப்போது நடப்பது ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் எத்தனையாவது?

நிஷான் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது, மூன்றாவது என்று மனதுக்குள் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன கிழமை யாரோடு விளையாடினோம்?

ஹமில்ட்டனோடு. இது கூடவா தெரியாது? அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கோபம் போய் எனக்குப் பயம் பிடித்தது. இவனுடைய அம்மா றெஜினா அக்காவுக்கு என்ன சொல்வேன்? "தலையை மட்டும் பாத்துக்கொள் தம்பி" என்று என் கையைப் பிடித்து ஒப்படைத்த பிள்ளை. தலைமைப் பதவி போனால் போகட்டும், இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது.

"சொல்லடா நிஷான். தெரிஞ்சதைச் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணை, டொக்டர் உங்களைத்தான் கேக்கிறா."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எதிர்ப் பக்கத்தில ஸ்காபரோப் பொடியன் ஒருத்தன் சேந்திட்டான், அவனுக்குத் தமிழ் விளங்கும் எண்டு வியாழக்கிழமை புட்டையும் சொதியையும் மாத்தினது நீங்கள் அண்ணை. இப்ப புட்டு எண்டால் ஓடுறது. நீங்கள் மாறிச் சொல்லேக்கை எல்லாம் நானே விளங்கிச் சமாளிச்சன். இந்த முறை எது எண்டு எனக்கு விளங்கேல்லை. நான்தான் டொக்டரிட்டைச் சொன்னனான்."

வியாழக்கிழமையைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

டொக்டர் என் முன்னால் முழந்தாளிட்டார். அவருடைய முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. எத்தனையாவது பகுதி என்ற முதல் கேள்வியை அதே ஆறுதலோடு திரும்பவும் கேட்டார்.

மூன்றாவது பகுதி என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

வெளியே ஒலிபெருக்கி பிரெஞ்சில் அலறியது. கடைசி மூன்று நிமிடம். சனம் எழும்பிக் கால்களால் தட்டத் தொடங்கியது.

அந்த அறிவிப்பு மூன்றாவது பகுதியில் வராது. இரண்டாவது முடிகிறபோது வரும், நான்காவது முடிகிறபோது வரும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டில் எது?

நிஷானைப் பார்த்தேன். இந்த முறை அவன் எனக்குச் சொல்லித்தரவில்லை.