கப்பலில் வந்த கோணவாய்

காகிதத்தைப் பிரித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

உள்ளே மரத்தில் செதுக்கிய ஒரு முகமூடி. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. வாய் குவிந்து, இடப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

எதிரே அடுப்படியில் என் மனைவி ஜெபகனி. இரண்டு மாதமாக அவள் முகமும் அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் தூங்கி எழுந்தபோது வாய் கோணிப்போயிருந்தது. நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. டீச்சர் வேலைக்கு லீவு போட்டாள். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். என்னிடம் பேசும்போதுகூட முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

நான் துறைமுகத்தில், கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க். உப்பு ஏற்ற வந்த ஜப்பான் கப்பலின் சமையல்காரனுக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தேன். பதிலுக்கு அவன் நீட்டிய பொட்டலம் இது. உள்ளே என்ன என்று பார்க்காமல், நேரே பெண்டாட்டி முன்னால் கொண்டுவந்து பிரித்த புத்திசாலி நான்தான்.

"என்னையக் கேலி பண்ணவா வாங்கியாந்தீய?"

அவள் குரல் உடைந்தது. கையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த ஊதாங்குழல்.

அந்தக் குழலைப் பார்த்ததும் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன்.

"ஏளா, கேலி இல்ல. இவன் அவுக ஊர்ல அடுப்பு ஊதுத ஆளு. ஊதி ஊதித்தான் வாய் இப்படி ஆயிட்டு. வீட்ல மாட்டுனா நல்லது நடக்குமாம்."

கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவன், கூசாமல் சொன்னேன்.

அவள் முகமூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊதாங்குழலை அதன் வாயில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

சிரித்துவிட்டாள்.

முந்தானை நழுவியதை அவள் கவனிக்கவில்லை. கோணல் சிரிப்புதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறேன் என்றாள், முகத்தை மூடாமலே.

எனக்குத்தான் மனசு குறுகுறுத்தது. அந்த முகமூடி ஜப்பானில் யாரோ கோமாளியின் முகமாக இருந்து, அவளுக்கு என்றைக்காவது தெரியவந்தால்? அப்புறம் வீட்டை விட்டே வெளியே வரமாட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கப்பலுக்குப் போனேன். சமையல்காரனிடம் வாயைக் கோணிக் காட்டி, அது யார் என்று கையை விரித்தேன்.

அவன் சிரித்துக்கொண்டே தரையில் குத்தவைத்து உட்கார்ந்தான். கையில் ஒரு குழல் இருப்பதுபோலப் பிடித்தான். வாயைக் குவித்து, ஒருபக்கமாக இழுத்து, இல்லாத அடுப்பை ஊத ஆரம்பித்தான்.

ஆண்டவரே, நான் பொய்யே சொல்லவில்லை!