பதினேழாம் நம்பர் ஆள்

டோரீன் நுண்ணோக்கியில் வைத்த கண்ணை மூன்று மணி நேரமாக எடுக்கவில்லை.

கண்ணாடிச் சில்லின் மேல், ஒரு சொட்டு நீரில், அந்த உருண்டை அசையாமல் கிடந்தது.

மனிதக் குடலில் வாழும் பாக்டீரியா ஒன்று, இரை கிடைக்காதபோது தடித்த உறைக்குள் ஒடுங்கிப் படுத்துக்கொள்கிறது, கிடைத்ததும் உறையை உடைத்துக்கொண்டு வருகிறது என்பது அவள் கட்சி.

உறையாவது, மண்ணாங்கட்டியாவது, எல்லாம் பார்ப்பதற்காக ஏற்றும் சாயத்தின் அழுக்கு என்பது ஆராய்ச்சிக்கூடத் தலைவர் டாக்டர் வெங்கடராமனின் கட்சி. சனிக்கிழமைக்குள் உயிரோடு ஒன்றைக் காட்டாவிட்டால் எட்டு மாத வேலையை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்.

அன்று சனிக்கிழமை. மணி நாலு.

இந்தச் சொட்டில் சாயமே இல்லை.

உருண்டை லேசாக உப்பியது. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. உள்ளிருந்து ஏதோ முட்டியது, நின்றது, மறுபடி முட்டியது.

“வா கண்ணு, வா, வா!”

வந்துவிட்டது. குட்டிக் குச்சி ஒன்று. தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொட்டின் மறுகோடிக்கு ஒரே ஓட்டம்.

டோரீன் போட்ட கூச்சலில் பக்கத்து மேசை சேஷகிரி கையிலிருந்த குடுவையை நழுவவிட்டான். அவனை இழுத்து வந்து பார்க்க வைத்தாள். பார்த்துவிட்டு அவனும் குதித்தான். அலமாரிக் கண்ணாடியெல்லாம் கிணுகிணுத்தது.

வெங்கடராமன் கோபமாகத்தான் வந்தார். குனிந்தார். அப்போதுதான் இரண்டாவது உருண்டை உடைந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து இருவரும் பார்த்ததில்லை.

ஆவலாய் டோரீன் எழுதிவைத்த பதிவேட்டைப் புரட்டினார். “மல சாம்பிள் பதினேழு. ஆண், வயசு முப்பது, மர்பி டவுன். பேரைக் காணோமே? யாரும்மா இந்த மகானுபாவன்? அழைச்சுண்டு வாங்கோ, நானே மாலை போடறேன்!”

டோரீனுக்குக் காதுவரை சிவந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் சந்தில் சிரிப்பு பீறிட்டது.

“இங்கதான் சார் இருக்காரு.”

வெங்கடராமன் சேஷகிரியைப் பார்த்தார்.

“ஐயய்யோ, நான் இல்லே சார்!”

அறையில் வேறு யாரும் இல்லை.

வெங்கடராமன் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘ஆண்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, தன் பேனாவை டோரீனிடம் நீட்டினார்.