கை படாத அடி

“அடியுங்கோ அண்ணை. என்னைப் பாக்காதேங்கோ, பையைப் பாத்து அடியுங்கோ.”

செபநாயகம் மாஸ்ரர் தொங்கிய குத்துச்சண்டைப் பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, அதில் வலது காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எதிரே கதிரையில் இருந்தபடி சோமசேகரம் கையுறையை இறுக்கினார். அறுபத்துநாலு வயது. இடது கால் பெருவிரலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு.

சுற்றுக்குச் சுற்று மணியடிப்பது மாஸ்ரரின் மனைவி றஜனி. விடிய ஆறு மணிக்குக் குருநகர்க் கரையோரத்து மண்டபத்துக்குச் சலரோகக்காரரும் கொழுப்புக்காரருமாகப் பதினைந்து பேர் வருவார்கள். பழைய வலைத்துண்டு அடைத்த பையைக் குத்துவார்கள், காற்றைக் குத்துவார்கள். ஆளிலே ஆளின் கை படக்கூடாது. அது மாஸ்ரரின் சட்டம். பகிடிக்கு ஒருவர் தோளில் தட்டினாலும் அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

சோமசேகரம் தொண்ணூறில் ஜேர்மனிக்குப் போனவர். மனைவி செத்த பிறகு கோப்பாய்க்குத் திரும்பி வந்து தனியே இருந்தார். முதல்நாள் பத்து எண்ணி அடிக்கச் சொன்னபோது, “ஆறு... ஏழு... ஏழு... எட்டு” என்று எண்ணினார்.

மாஸ்ரரின் தோளில் கிடந்த துவாய் நழுவி விழுந்தது. இன்னொருக்கா எண்ணச் சொன்னார். பிறகு இன்னொருக்கா.

மாஸ்ரருக்கு இடது காது கேளாது. பெடியனாயிருந்தபோது வள்ளத்திலிருந்து விழுந்து போனது என்று கலியாணம் பேசும்போதே சொன்னவர். எண்ணியது காதில் விழவில்லையாக்கும் என்று றஜனி நினைத்தாள்.

மற்றவர்களுக்கு அது நாள்தோறும் ஒரு சிரிப்பாகிவிட்டது.

“ஜேர்மன் அண்ணையை என்னோடை மீன் விக்கக் கூட்டிக்கொண்டு போகப்போறன்,” என்றாள் லூர்த்தம்மா. “பத்து நண்டெண்டு சொல்லிப் பதினொண்டு போடுவார். அடுத்த கிழமை நான் கடையைப் பூட்டலாம்.”

சோமசேகரமும் சிரித்தார். “என்ன செய்ய, பிள்ளை. சின்னனிலையே நாக்கு அப்பிடிப் பழகிப்போச்சு. வாத்தியார் அடிச்சும் மாறேல்லை.”

மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்று மாதம் பார்ப்போம் என்று டொக்டர் சோமசேகரத்துக்குச் சொல்லியிருந்தார். சீனி இறங்காவிட்டால் முதலில் விரல் போகும், பிறகு கால். இதயமும் அவ்வளவு நல்லதில்லை. கத்தி வைத்தால் தாங்குமோ தெரியாது. அதைக் கேட்ட நாளிலிருந்து மாஸ்ரருக்கு வேறு நினைப்பில்லை. விடியக் கோப்பாய்க்கு மோட்டார் சைக்கிளில் போய் ஏற்றி வருவார். றஜனியைக் கொண்டு குரக்கன் பிட்டு அவிப்பித்துக் கட்டிக் கொடுப்பார். அந்த வீட்டுச் சீனி டப்பாவைக்கூட அவரே கொண்டுபோய் வளவில் கொட்டினார்.

ஒருநாள் பயிற்சி நடுவில் சோமசேகரத்துக்குச் சீனி ஒரேயடியாக இறங்கி, கதிரையிலிருந்து சரிந்துவிட்டார். மாஸ்ரர் பாய்ந்து தலையை மடியில் ஏந்தி, குளுக்கோசைக் கரைத்து வாயில் விட்டார். பாதி வெளியே சிந்தியது.

சொந்தத் தமையன் பாயில் கிடந்தபோதுகூட இவர் இப்படி ஓடித்திரியவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம்.

“இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன அவரிலை இவ்வளவு?” என்று அன்றைக்குக் கேட்டாள்.

“அந்த மனிசன் சாகக்கூடாது, றஜனி.”

அவளுக்கு நெஞ்சு இளகிப்போயிற்று. பின்னேரம் கோயிலுக்குப் போய்ச் சோமசேகரத்தின் பேருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

மூன்று மாதம் முடிந்தது. கிளினிக்கிலிருந்து சோமசேகரம் நேரே மண்டபத்துக்கு வந்தார். கட்டு இல்லை. புண் காய்ந்துவிட்டது, விரல் தப்பியது, இதயமும் முன்னையைவிடத் திடமாக இருக்கிறதாம். வளவில் பழுத்த ஒரு சீப்புக் கதலியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பயிற்சி முடிந்து மற்றவர்கள் போய்விட்டார்கள். நின்றது மூன்று பேர்தான்.

“மாஸ்ரர், இது நீங்கள் தந்த உயிர்,” என்றார். கண் கலங்கியிருந்தது. “உங்களுக்கு நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ.”

“பத்து அடியுங்கோ. இண்டைக்கு எழும்பி நிண்டு, வடிவா எண்ணி அடியுங்கோ.”

இம்முறை மாஸ்ரர் பையைப் பிடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கையையும் தலைக்கு மேலே சுவரில் ஊன்றி, குனிந்து கண்ணை மூடினார். மூன்று மாத அலைச்சல் ஆளைக் களைக்க வைத்துவிட்டது என்று றஜனிக்குப் பட்டது.

சோமசேகரம் பையில் எண்ணி எண்ணி அடித்தார். நல்ல பலமான அடி. பை தொங்கிய தீராந்தியிலிருந்து தூசி உதிர்ந்தது. ஆறு. ஏழு. ஏழு. ஒவ்வொரு அடிக்கும் மாஸ்ரரின் முதுகு சுருங்கி விரிவதை றஜனி கண்டாள்.

“பத்து,” என்று நிறுத்தி, மூச்சு வாங்கச் சிரித்தார் சோமசேகரம். “பாருங்கோ தங்கச்சி, இண்டைக்கும் ஒண்டு கூடிப்போச்சு.”

றஜனியும் சிரித்துக்கொண்டு மணியை எடுத்தாள்.

மாஸ்ரர் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பவும் இல்லை.

“அண்டைக்கும் இயக்க முகாமிலை என்ரை கண்ணைக் கட்டிப்போட்டு, பத்தெண்டு சொல்லிப் பதினொண்டுதான் அடிச்சனீங்கள், அண்ணை.”