கொஞ்சம் தள்ளி

“பஸ் வரட்டும் சார், தாராளமா வரட்டும். ஆனா என் வாசல்ல நிக்க வேணாம். கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்.”

பல் டாக்டர் கேட்டைப் பாதிதான் திறந்திருந்தார். இன்ஜினியருக்கு எரிச்சல் தலைக்கேறியது. காலையிலிருந்து வீட்டுக்கு வீடு இதே பாட்டு.

அவரும் அதே தெருக்காரர்தான். நகரத் திட்டப் பிரிவில் வேலை. முனைக்கடைக்குக்கூடக் காரில் போய்ப் புகை விட்டுவிட்டு வரும் இந்த ஜனங்களைத் திருத்துவதற்காக, மேலதிகாரிகளிடம் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி ஒரு பேட்டரி பஸ்ஸைத் தெருவுக்கு வாங்கியிருந்தார். எந்த வீட்டு வாசலில் பஸ் நிற்குமோ, அந்த வீட்டுக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று மாலைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பஸ் வேறு பேட்டைக்குப் போய்விடும்.

“பூமி சூடாகுதுன்னு போன மீட்டிங்ல மைக்கை விடாம பேசினது நீங்கதானே டாக்டர்?”

“இப்பவும் பேசுவேன். அதுக்காகக் கண்டவனெல்லாம் என் கேட்டுல சாஞ்சு நின்னு போன் பேசணுமா?”

“என்னைப் பாருங்க. எனக்கும்தான் கார் இருக்கு. ஒரு வாரமா வாசலை விட்டு எடுத்தேனா? ஆபீசுக்கு நடந்துதான் போறேன்.”

“நீங்க பெரிய மனுஷன் சார். பக்கத்து வீட்ல கேளுங்க.”

பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, வாயில் குண்டூசிகளோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஒவ்வொன்றாக எடுத்துச் சேலையில் குத்திக்கொண்டார். இதுவும் தேறாது என்று இன்ஜினியருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“ஏன் தம்பி, உங்க வாசல்லயே நிறுத்திக்க வேண்டியதுதானே?”

“நான் மாட்டேன்னா சொல்றேன்? என் வீடு திருப்பத்துக்கு ரொம்பப் பக்கம்க்கா. அங்க பஸ் நின்னா பின்னாடி வர்றவன் இடிச்சுப்பான்.”

“அப்போ டாக்டர் வாசல்?”

“அவர் உங்க வாசலைக் காட்டறார்.”

“காட்டுவார், காட்டுவார்! அவர் வீட்டு மூணாவது காரே இங்கதான் நிக்குது. பஸ்ஸு வேறயா?”

கதவு சாத்திக்கொண்டது.

“சுயநலம் பிடிச்ச தெரு! இவங்களுக்காக நாயா அலைஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்று பொருமிக்கொண்டே, அடுத்திருந்த தன் வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியில் விழுந்தார்.

ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, முழங்காலில் தைலம் தேய்த்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

“யாராவது ஒத்துக்கிட்டாங்களா?”

“ஒருத்தரும் மசியல. பஸ் போன மாதிரிதான்.”

“ஐயையோ! மெயின் ரோடு வரைக்கும் நடந்து நடந்து என் முட்டி தேஞ்சே போச்சுங்க. இந்த பஸ்ஸைத்தானே நம்பியிருந்தேன்.”

“நான் என்ன பண்ணட்டும்? ஆளாளுக்கு அடுத்த வாசலைக் கைகாட்டினா?”

அவள் தைல பாட்டிலை மூடி வைத்தாள்.

“அப்போ நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு, முதல்ல நம்ம காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. பஸ் நிக்க இதுதான் சரியான இடம்னு உங்க ஆபீஸ்காரங்க போன வாரம் அளந்து போட்ட மஞ்சள் வட்டம் அதுக்கு அடியிலதானே இருக்கு?”

இன்ஜினியர் துள்ளி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“மெதுவா பேசு, அக்காவுக்குக் கேட்டுடப் போகுது! கண்டவனெல்லாம் நம்ம கேட்டுல சாஞ்சு நின்னு போன் பேசணுமா?”