பதினேழாம் இருக்கை

வண்டன்மேட்டு ஏலக்காய் ஏல மண்டபத்தில், சர்வரும் வியாபாரிகளின் முன்னாலிருந்த மெஷின்களும் ஒரே ஏலத்தை மாமியாரும் மருமகளும் சொல்வதுபோல் ஆளுக்கொரு விதமாய்ப் பதிவு செய்துவந்தன. மண்டபத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெர்சி இரண்டு பதிவுகளையும் ஒரே வடிவத்துக்கும் ஒரே கடிகாரத்துக்கும் கொண்டுவந்தான். அதற்குப் பிறகுதான் அது தெரிந்தது. மற்றவர்கள் பட்டனை அழுத்திய பின்பு சர்வருக்குச் செய்தி போனது. பதினேழாம் இருக்கைச் சங்கையா அழுத்துவது மட்டும் பதினொரு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

மெஷினை மாற்றினான். வயரை மாற்றினான். பதினொரு நிமிடம் மாறவில்லை.

“எனக்கு எந்தச் சரக்கு வேணும்னு எனக்கு முந்தி அதுக்குத் தெரியுது,” என்று சங்கையா சிரித்தார். “எதுத்த சீட்டுக்காரன்கிட்ட மட்டும் சொல்லிராதடே.”

புதன்கிழமை காலை 11:04க்குச் சர்வரில் ஒரு வரி விழுந்தது: ‘இருக்கை 17, வெளியேறினார்.’ அதன்பின் அந்த இருக்கையிலிருந்து எதுவும் வரவில்லை.

பெர்சி சர்வர் அறையிலிருந்து மண்டபத்துக்கு ஓடினான். சங்கையா தட்டில் ஏலக்காயைக் கொட்டி, ஒன்றைப் பிளந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இங்கன விட்டு எந்திரிச்சிராதீங்க.”

“இன்னும் நாப்பது லாட் கெடக்கு, எங்கடே போவேன்?”

பெர்சி பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான். பட்டனை அழுத்த அவருக்கு வலது கை போதுமாயிருந்தது. ஜன்னல் வழியே மூடுபனி மெல்ல உள்ளே வந்தது.

11:15க்கு மெஷினின் விளக்கு அணைந்தது. ஏலம் விடுபவர் அடுத்த லாட்டைச் சொன்னார். தட்டில் ஏலக்காய்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. பெர்சியின் விரல்கள் பிடித்தபடியே இருந்தன. அவற்றுக்குள் வாசனை மட்டும் இருந்தது.